அரை நிமிடம்

டெனிஸ்டன் கம்பளத்தில் இரு கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் நீட்டினான். இடுப்பின் மேல் ஒரு பிளாஸ்டிக் கோப்பை, அதில் பாதி தண்ணீர். தண்ணீர் சிந்தக்கூடாது. மூச்சை அடக்கக்கூடாது. அரை நிமிடம் அப்படியே நிற்கவேண்டும். வயிற்றின் உள்தசைகள் பலப்பட்டால்தான் முதுகு சுமை தாங்கும் என்று, முதுகுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோ சொல்லியிருந்தாள்.

குசினி வாசலில் அவன் மனைவி றொஷினி நின்றாள்.

"இஞ்சாருங்கோ, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிக்கிறதைப் பாத்தால் விளக்குக் கம்பத்தைத் தேடுற மாதிரிக் கிடக்கு."

"சும்மா இரும். தண்ணி ஊத்தப்போகுது."

சிந்தியது.

போன ஆவணியில் சரிந்தது மாதா. விண்ணேற்புத் திருநாள் ஊர்வலம் முடிந்து, மாதாவின் சிலையைத் தோளில் சுமக்கும் சுரூபக் கூட்டைக் கோயிலுக்குள் ஏற்றும்போது, தூக்கிய ஆறு பேரில் பின்தண்டைப் பிடித்திருந்த டெனிஸ்டனின் முதுகு மூன்றாவது படியில் கைவிட்டது. கூடு சாய்ந்தது. மாதாவின் மணிமுடி கழன்று படிகளில் உருண்டது. ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் தமிழ்க் கடைகள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷனில் இடியப்ப மா வாங்கப் போன கடையில்கூட, "முடி சுகமோ?" என்று கேட்டார்கள். பன்னிரண்டு வருடம் பண்டகசாலையில் பெட்டி தூக்கிய முதுகு அது. சொன்னால் சாக்கு என்பார்கள்.

கூடு தூக்க ஆள் பிடிக்கிற விமலநாதன் கேலி செய்யவில்லை. "ஆடியில ஒத்திகைக்கு வா. நிண்டு காட்டினால் தண்டு உனக்கு. இல்லாட்டி வேற ஆளைப் பாக்கிறன்," என்றார். அதற்குப் பிறகுதான் இந்தக் கோப்பை.

ஆறு வாரம் ஒரு நாள் விடாமல் செய்தான். முதுகில் மாற்றமே இல்லை. வில்லரேயில் இருந்த சிகிச்சை நிலையத்துக்குத் திரும்பவும் போனான். பிசியோ மரிலேன் செய்துகாட்டச் சொன்னாள். கையையும் காலையும் நீட்டினான். உதடுகள் அசைந்தன. இறக்கினான். அவள் நேரம் கணித்த கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாள். ஏழு விநாடி.

எதை வைத்து எண்ணுகிறாய் என்று கேட்டாள்.

ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபத்தை என்றான். மணிக்கூட்டைப் பார்க்கத் தலையைத் தூக்கினால் கோப்பை சரிகிறது, அதனால் கண்டுபிடித்த வழி. செபமாலையின் ஐம்பத்துமூன்று மணிகளையும் தேநீர் ஆறுமுன் உருட்டி முடிக்கிற வாய்க்கு அரை நிமிடம் எங்கே தெரியும்? போதாக்குறைக்கு, தொடங்கினால் ஆமென் வரை ஒரே மூச்சு.

மரிலேன் சிரிக்கவில்லை. செபத்தை விடவேண்டாம், வரிக்கு ஒரு மூச்சு விட்டு வாய்விட்டுச் சொல் என்றாள்.

விஷயம் கேட்டு றொஷினிதான் சிரித்தாள். "முட்டை அவிக்கேக்கையும் உப்பிடித்தான் எண்ணுறனியளோ? அதுதான் ஒரு நாளும் அவியிறேல்லை."

மெதுவாகச் சொன்ன முதல் நாள், பாதிச் செபத்திலேயே வயிறு நடுங்கிக் கவிழ்ந்தான். பத்தாம் நாள் ஆமென் வரை போனான். பிறகு முழங்காலுக்குக் கீழே மெத்தைத் தலையணை ஒன்றை வைத்தான். அது அசைய அசைய, அசையாமல் நிற்கப் பழகினான்.

ஆடி மாத ஞாயிறு ஒன்றில், பின்னேரம் கோயில் படிகளில் ஒத்திகை. கூட்டில் மாதாவுக்குப் பதிலாக நாலு அரிசி மூட்டை. மூன்றாவது படியில் விமலநாதன் கையை உயர்த்தினார்.

"நில்லுங்கோ."

நின்றார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஆறுதலாக, அவசரமில்லாமல் துடைத்தார்.

"அண்ணை, என்ன விளையாட்டோ?" என்று முன்தண்டில் ஒருவன் கத்தினான்.

"மாதா களைச்சுப்போனா. நில்லு."

பாரம் முழுவதும் பின்னால் இறங்கியது. டெனிஸ்டன் வயிற்றை இறுக்கி, வரிக்கு ஒரு மூச்சாகத் தொடங்கினான். ஆமென் வந்தது. இரண்டாவதைத் தொடங்கினான். முன்தண்டு ஆடியது. அவனுடையது ஆடவில்லை.

விமலநாதன் கண்ணாடியை மாட்டினார். "சரி, ஏறுங்கோ."

மேலே இறக்கியதும் டெனிஸ்டனின் பக்கம் வந்தார். "பின்தண்டு உனக்குத்தான். முன்னால நிண்டவனுக்கு உன்ர பிசியோவின்ர நம்பரைக் குடு."

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிய டெனிஸ்டன் நேரே கம்பளத்துக்குப் போனான். வலது கையை நீட்டிச் செய்யும் பத்துத் தரமும் காலையிலேயே முடிந்திருந்தது. இடது கைக்குரிய பத்தும் மிச்சம். றொஷினி கோப்பையைக் கொண்டுவந்து அவன் இடுப்பில் வைத்தாள். இந்தத் தடவை நிரம்பத் தண்ணீர் விட்டிருந்தாள்.