கொத்தளத்தில் ஒரு கல்யாண விருந்து

கடலைப் பார்த்து நிற்கும் பழைய கோட்டைக் கொத்தளத்தை ஷஹீர் குத்தகைக்கு எடுத்து உணவகமாக்கியிருந்தார். பீரங்கி நின்ற மேல்தளத்தில் இப்போது கூரை போட்டு மேசைகள். அதற்கும் மேலே, ஒரு கம்பத்தில், மீனவர்களின் வெள்ளை விளக்கு மட்டும் பழையபடி எரிந்தது. அதையும் பள்ளிவாசல் மினாராவின் பச்சை விளக்கையும் நேர்கோட்டில் பிடித்தால்தான் வள்ளங்கள் பாறையில் மோதாமல் துறைமுக வாய்க்குள் நுழைய முடியும்.

அன்று மாலை அங்கே முதல் கல்யாண விருந்து. கொத்தளம் முழுக்கச் சர விளக்குகள். இருட்டும் மழையும் சேர்ந்து வந்த நேரத்தில், பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்த பணிப்பெண் அபினாவின் போன் அடித்தது. கடலுக்குப் போயிருந்த கணவன் பிபின்.

“ஏட்டி, கோட்டைல என்னவாக்கும் இத்தன வெளிச்சம்? நம்ம வெளக்கு எதுன்னே தெரியல்ல. எஞ்சின் வேற இருமுது. திரும்பிப் போவ ஒக்காது.”

அலை இரைச்சலில் பேச்சு அறுந்தது.

அவள் தட்டை வைத்துவிட்டு, அண்ணன் முறையில் எல்லோரும் காக்கா என்று கூப்பிடும் ஷஹீரிடம் ஓடினாள். “காக்கா, சர வெளக்க அணைக்கணும். எனக்க மாப்பிள வள்ளம் தொறைமுக வாயில நிக்குது.”

“இப்பமா? பொண்ணும் மாப்பிளயும் படியேறுதாவ. வீடியோக்காரன் நிக்கான். அஞ்சு நிமிசம் பொறு மக்கா.”

“அஞ்சு நிமிசத்துல பாறைல கெடப்பாவ காக்கா!”

மணப்பெண் சுல்ஃபியா படியிலேயே நின்றுவிட்டாள். யார் வள்ளம் என்று அவள் கேட்கவில்லை. “அணையுங்க,” என்றாள்.

“இருட்டுல படம் விழாதும்மா,” என்றான் வீடியோக்காரன்.

“எனக்க மொகம் நாளைக்கும் இருக்கும். நீங்க ஒங்க லைட்டயும் அணையுங்க.”

ஷஹீர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு போய் சர விளக்குகளின் சுவிட்சைத் தட்டினார்.

கொத்தளம் இருண்டது. குழந்தைகள் அழுதன. யாரோ போன் டார்ச்சை அடித்தார். “அத மேசைக்கு அடியில பிடிங்க!” என்று மணமகன் சபீர் சத்தமிட்டான். வெள்ளை விளக்கு மட்டும் மேலே நின்றது. அபினா சுவரைப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டாள். பக்கத்தில் சுல்ஃபியாவின் உதடுகளும் அசைந்தன. கேட்கிறவன் ஒருவனே என்பதில் அந்த நேரம் அங்கே ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

கீழே அலை பாறையில் அறைந்தது. எஞ்சின் சத்தம் கேட்டது, நின்றது. மருதாணிக் கை ஒன்று அபினாவின் கையை இறுகப் பிடித்தது. மறுபடி எஞ்சின், இம்முறை துறைமுகத் தடுப்புச் சுவருக்கு உள்ளேயிருந்து.

போன் அடித்தது. “உள்ள வந்தாச்சு.”

“வந்தாச்சாம்!” என்று அபினா எல்லோருக்கும் கேட்கக் கத்தினாள். வீடியோக்காரன் சுவிட்சை நோக்கி நகர்ந்தான். ஷஹீர் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“பெறத்தால வாற வள்ளம் இன்னும் உண்டாண்ணு கேளு மக்கா,” என்றார்.

அபினா கேட்டாள். “ரெண்டு உண்டாம் காக்கா.”

“அப்போ சோறு இருட்டுலயே திம்போம்,” என்று ஷஹீர் பிரியாணி அண்டாவை நோக்கித் தடவித் தடவி நடந்தார்.