எட்டுக் கிளாஸ் மழை

அன்று தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கூடியவர்கள் ஐந்து பேர். நீள மேசையின் தலைப்பக்கம், தோட்டத்தை நடத்தும் துரை. அவருக்கு வலப்புறம், மண்சரிவைப் பற்றி விசாரிக்கப் பதுளையிலிருந்து வந்த அதிகாரி லக்ஷிகா. இடப்புறம், லயத்து வீடுகளில் இருக்கும் தொழிலாளர் சார்பில் சுரேஸ். கதவோரத்து வாங்கின் நுனியில், தினமும் மழை அளக்கும் மாடசாமி. மேசையின் மறுகோடியில், கூட்டக் குறிப்பு எழுதுவதற்காகப் பெரிய கிளாக்கர் குமாரசிங்கம்.

மலை சரிந்து கீழ் லயத்தின் மூன்று வீடுகளை மூடிப் பதினாறு நாளாகியிருந்தது. அதில் ஒன்று சுரேஸின் வீடு. அவன் மனைவி கேசினி உள்ளேதான் இருந்தாள். செத்த மூன்று பேரில் அவளும் ஒருத்தி.

லக்ஷிகா தாளைப் புரட்டினாள். "பக்கத்துத் தோட்டம் ரெண்டிலயும் இருநூறு மில்லிமீற்றருக்கு மேல பெஞ்சிருக்கு. இங்கயிருந்து மட்டும் நூற்றாறு எண்டு சொல்லியிருக்கிறீங்கள். நூற்றைம்பது எண்டு வந்திருந்தாலே காலமையே லயத்தைக் காலி பண்ணச் சொல்லியிருப்பம்."

எல்லோரும் வாங்கைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாடசாமி எழுந்து நின்றான். "எண்ணிக்கை தப்பிருச்சுங்க. நாந்தான் ரெண்டு தரம் எண்ணிட்டேன் போல..."

"ரெண்டு தரம் எண்ணுனா கூடத்தானேண்ணே வரும், எப்புடிக் கொறையும்?" என்றான் சுரேஸ். "மழையத்தான் அளந்தீங்களா, இல்ல அடுப்படியில ஒக்காந்து பிளேன்டீய அளந்தீங்களா?"

மாடசாமி மீண்டும் வாங்கில் உட்கார்ந்தான். பதில் குமாரசிங்கத்திடம் இருந்தது. அவர் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலை சரிந்த அன்று காலை நடந்தது இதுதான். அளவுக் கிளாஸ் ஒருமுறை நிறைந்தால் இருபத்தைந்து மில்லிமீற்றர். தலையில் போட்ட படங்குச் சீலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட மாடசாமி வந்து, "எட்டுக் கிளாசும் ஒரு அரையும் ஐயா" என்றான். குமாரசிங்கம் மழைக் கொப்பிகளைப் புரட்டினார். முப்பத்தொரு வருசமும் அவர் கையெழுத்து. அத்தனையிலும் ஆகக் கூடியது நூற்று முப்பத்துநான்கு. இருநூற்றுப் பன்னிரண்டு என்று அனுப்பினால் பதுளையில் சிரிப்பார்கள் என்று பட்டது. "நாலைத்தான் ரெண்டு தரம் எண்ணிப்போட்டாய், மாடசாமி" என்றார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவனும் தலையாட்டினான். பாதியாக்கி, நூற்றாறு என்று எழுதி, அப்படியே தொலைபேசியிலும் சொன்னார். பின்னேரம் மூன்று மணிக்கு மலை இறங்கியது.

"மேடம், மழை எங்களுக்குப் புதுசா?" சுரேஸ் அவள் பக்கம் திரும்பினான். "ஒரே நாள்ல இம்புட்டு எங்கருந்துங்க வந்துச்சு?"

"கடலில இருந்துதான். வங்கக் கடல் முந்தியை விடச் சூடாகிட்டுது. சூடாக ஆகக் கூடத் தண்ணி ஆவியாகி மேல போகும். புயல் அதை அள்ளிக்கொண்டு வந்து இந்த மலையில கொட்டும். நான் முந்தித் திருகோணமலையில வேலை செய்தனான். அங்க பவளப்பாறையெல்லாம் சூட்டில வெளிறிச் செத்துக் கிடந்தது. கரையில பிடிச்ச மீனைத் தேடி இப்ப தூரக் கடலுக்குப் போயினம். அந்தச் சூடுதான் இங்க மழையா வருது." அவள் மேசையிலிருந்த மழைக் கொப்பியைத் தொட்டாள். "இதைப் பார்த்து, இவ்வளவு பெய்யாது எண்டு இனி ஆரும் நினைக்கக்கூடாது."

அவள் யாரையும் குறித்துச் சொல்லவில்லை. ஆனாலும் குமாரசிங்கத்துக்குக் காது சுட்டது.

"சரி, எழுதுங்க," என்றார் துரை. "மழை அளந்த ஆள் பிழை."

குமாரசிங்கம் எழுதினார். எழுத்து எப்போதும்போல அழகாகவே விழுந்தது. அதுதான் அவரைப் பிறகு அதிகம் வதைத்தது.

மறுநாளே மாடசாமியை அந்த வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தண்ணீர்ப் பீலியடியில் அவன் மனைவி குடத்தை வைத்தால் மற்றப் பெண்கள் தங்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு விலகுகிறார்கள் என்று ஆபீசில் யாரோ சொன்னார்கள். இரண்டு நாள் குமாரசிங்கம் சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்தார். ஞாயிறு காலை உட்கார்ந்து, திகதி, நேரம், கிளாஸ் கணக்கு எல்லாம் வரிசையாகப் போட்டு லக்ஷிகாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதை எடுத்துக்கொண்டு மேல் லயத்துக்கு ஏறினார்.

மாடசாமி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். அவர் நின்றபடியே வாசித்தார். பாதியில் அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

"அப்ப எட்டேதானுங்களா?"

"எட்டரை. நீ சரியாத்தான் எண்ணினனீ. பிழை என்ரை."

"இத்தன நாளா என் மண்டைக்குள்ள திரும்பத் திரும்ப ஊத்தி ஊத்தி எண்ணிக்கிட்டு இருக்கேங்க. மூணு பேர நாந்தான் கொன்னுட்டேன்னு..." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அன்னைக்கு அந்த மேசையிலயே சொல்லியிருக்கலாமேங்க."

"சொல்லியிருக்கலாம்."

"சுரேசுக்கு?"

"போற வழியில அவனிட்டயும் வாசிக்கப் போறன்."

"வெட்டிப்புடுவான், ஐயா."

"வாசிக்கத்தான் வேணும்."

சுரேஸ் வெட்டவில்லை. கடைசி வரி வரை கேட்டான். பிறகு, "காலையிலயே சொல்லியிருந்தா அவ எந்திரிச்சு நடந்து வந்திருப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, சரிவுக்குப் பிறகு தங்கியிருக்கும் வீட்டுக்குள் போனான்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் குமாரசிங்கம் டவுனுக்குப் போனார். தபால் கந்தோரில், இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டியதை அடியில் ஒரு வரியாகச் சேர்த்தார். கையொப்பமிட்டு, நான்காக மடித்து உறையில் இட்டார். ஓரத்தைப் பசை தடவி ஒட்டி, விரலால் இரண்டு தரம் அழுத்தினார்.

"பதிவுத் தபாலா?" என்று கேட்டாள் உள்ளேயிருந்த பெண்.

"ஓம், பிள்ளை."

அவள் முத்திரை குத்தி, கடிதத்தைப் பையில் போட்டாள்.