போய்ச் சேராத கறுப்பு

பல் விழுந்த இடத்தில் இரண்டு நாளாகியும் ரத்தம் நிற்காததால்தான் ராஜவேலு மகளைச் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போனான். பவுனுக்கு ஐந்து வயது. முடி, இமை, தோல் எல்லாமே வெளுப்பு. அவர்கள் ஊரான பழவேற்காட்டில் ஒல்லாந்தர் எனப்படும் டச்சுக்காரர்களின் கல்லறைகள் இருப்பதால், மீனவர் குப்பத்தில் அவளை 'ஒல்லாந்தக் குட்டி' என்பார்கள். ராஜவேலு பதில் சொன்னதில்லை. அதற்காகச் சிலர் அவனைப் பெருந்தன்மைக்காரன் என்றார்கள், சிலர் மனைவியைச் சந்தேகப்படுகிறான் என்றார்கள். இரண்டில் எது என்று அவனுக்கே தெரியவில்லை.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா குழந்தையின் முழங்காலில் கன்றியிருந்த இடங்களை அழுத்திப் பார்த்தார்.

"தலைமுடி அஞ்சாறு வேணும். வேரோட பிடுங்கணும்."

"அம்மனுக்கு வேண்டிக்கினதும்மா," என்றாள் அவன் மனைவி குணசுந்தரி. "பொறந்ததுலேர்ந்து கத்தரி படல. ஆடி மாசம் எங்கண்ணன் மடில ஒக்கார வச்சி மொட்ட, காதுகுத்து. அதுக்கு முன்ன எப்டிம்மா?"

"காது குத்தலாமான்னு தெரிஞ்சிக்கத்தான் கேக்கறேன்."

குணசுந்தரி கணவனைப் பார்த்தாள். அவன் தானே முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கொடுத்தான். பவுன் வீறிட்டாள். குணசுந்தரி திரும்பி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் டாக்டரம்மா அவனை நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். இரவு முழுக்க மருந்து நீரில் ஊறிய முடிகளின் வேர்கள் கறுத்திருந்தன. மகளிடம் அவன் பார்த்த முதல் கறுப்பு அது.

"கறுப்ப உண்டாக்கற நொதி இவகிட்ட இருக்கு," என்றார். "செல்லுக்குள்ள ஒரு எடத்துல தயாராகி, குட்டிக் குட்டிப் பைகள்ல ஏறி, நெறம் சேர்ற மணிகளுக்குப் போவணும். இவளுக்கு அது போய்ச் சேரல. ரத்தத்த நிறுத்தறதுக்கும் சின்னச் சின்ன மணிகள் உண்டு. அதுலயும் கோளாறுன்னுதான் நெனக்கிறேன். காது குத்தாதீங்க."

"யார் பக்கத்துக் கோளாறும்மா?"

"அப்பா பாதி, அம்மா பாதி."

ஊர் திரும்பும் ரயிலில், அனுப்பம்பட்டு தாண்டியதும், தூங்கும் குழந்தையை அவன் மனைவியிடமிருந்து வாங்கிக்கொண்டான்.

ஆடியில் கோயில் வாசலில் ஊரே கூடியிருந்தது. குணசுந்தரியின் அண்ணன் ஆதிகேசவன் புதுவேட்டியில் சம்மணமிட்டிருந்தான். தாய்மாமனாக அவன் வாங்கிவந்த கம்மல் தாம்பாளத்தில் இருந்தது. ஆசாரி ஊசியை எடுத்தார்.

"காது வேணாம் மச்சான்," என்றான் ராஜவேலு. "முடி மட்டும். அதுவும் சவரக்கத்தி வேணாம், கத்தரி போதும்."

"இன்னா மாப்ளே, கம்மல் எடுத்தது நானு, வேணாங்கறது நீயா?"

"கறுப்பு இருக்குதாம். எடத்துக்குப் போய்ச் சேரலியாம். ரத்தத்துலயும் அதே மாதிரி கோளாறாம். குத்துனா நிக்காது."

"உள்ள இருக்கிற கறுப்ப நீ பாத்தியா?"

"பாத்தேன்."

யாரோ சிரித்தார்கள். ஆதிகேசவன் சிரிக்கவில்லை.

"பொறவு எப்பதான் குத்தறது?"

"எப்பவும் இல்ல."

"காது குத்தாத பொண்ணுக்குத் தாய்மாமன் மடி எதுக்கு?" எழுந்து வேட்டியை உதறினான். குணசுந்தரி, "அண்ணா" என்று பின்னால் ஓடினாள். அவன் நிற்கவில்லை.

நாவிதர் கத்தரியோடு காத்திருந்தார். இனி தன் வீட்டுப் படியை மச்சான் மிதிக்கமாட்டான் என்று ராஜவேலுவுக்குத் தெரியும். காலியான அந்த இடத்தில் தானே உட்கார்ந்து பவுனை மடியில் இருத்தினான்.

"வலிக்குமா நைனா?"

"வலிக்காது. ஆடாம இரு."