திங்கட்கிழமை வரை தொடாதே

ஆன்லைன் விளையாட்டில், திரையில் முப்பது நாற்பது பேர் ஒன்றாக ஓடி வந்தால் அவளுடைய கம்ப்யூட்டர் அரை நொடி நின்றுவிடும். அரை நொடிதான். அதற்குள் எதிரணிக்காரன் அவளைச் சுட்டுத் தள்ளியிருப்பான்.

போன ஞாயிறும் அப்படித்தான் ஆயிற்று. ஐந்து பேர் அணியில் முன்னால் போய் வேவு பார்ப்பது அவள் பொறுப்பு. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்வதால் மற்ற நால்வரும் அவளை ‘லென்ஸ் அக்கா’ என்பார்கள். அவர்களுக்கு அவள் வயது தெரியாது. யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. ஆட்டம் கைவிட்டுப் போனதும் கேப்டன் ஹெட்போனில் நிதானமாகவே பேசினான். அவன் முகத்தை அவள் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம்.

“தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. உங்க ஆட்டத்துல குறை இல்ல, மெஷின்தான் திணறுது. ப்ராசஸரை மாத்திடுங்களேன். இல்லன்னா அடுத்த ஞாயிறு மட்டும் வேற ஆளை இறக்கிக்கிறேன்.”

அந்த ‘மட்டும்’ அவள் நெஞ்சில் சிக்கிக்கொண்டது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

மெஷினுக்கு ஏழு வயது. வீட்டில் அவளும் மகளும் மட்டும்தான். மெஷினும் இருவருக்கும் பொது. மகள் கட்டடக்கலை கடைசி வருஷம். இறுதி வரைபடங்களைத் திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். அந்தப் பெரிய கோப்புகளைத் திறக்க வேறு மெஷின் கைவசம் இல்லை. ப்ராசஸர் பேச்சை எடுத்த உடனேயே மகள் சொல்லிவிட்டாள்.

“திங்கட்கிழமை வரைக்கும் தொடாதேம்மா. ஒரு ஸ்க்ரூவைக்கூட. அப்புறம் என்ன வேணா பண்ணிக்கோ.”

“தொடல” என்று வாக்குக் கொடுத்தாள்.

ஆனால் விசாரிப்பதில் தப்பில்லையே. புதன்கிழமை மதிய இடைவேளையில் கம்ப்யூட்டர் கடைக்காரரைப் போய்ப் பார்த்தாள். மெஷினின் மதர்போர்டு எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோயிருந்தாள்.

“உங்க போர்டு தாங்கறதுலயே பெரிய ப்ராசஸர் இதுதான்” என்று ஒரு சின்னப் பெட்டியை நீட்டினார். “பழசுதான், ஆனா நல்ல நிலைமையில இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான், இன்னொருத்தரும் கேட்டிருக்கார். எடுத்துட்டுப் போங்க. வேணாம்னா சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள திருப்பிடுங்க.”

“மாட்டினா உடனே ஓடுமா?”

“ஓடாது. பழைய ப்ராசஸர் இருக்கும்போதே போர்டுக்குள்ள இருக்கற பயாஸ் புரோகிராமைப் புதுசாக்கணும், அப்பதான் இது யாருன்னு அதுக்குத் தெரியும். அஞ்சு நிமிஷ வேலை. நடுவுல கரண்ட் போச்சுன்னா போர்டு போச்சு.” அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். “முதல்ல பேஸ்ட்டை மாத்திப் பாருங்க மேடம். சூடு இறங்கறதுக்காக ப்ராசஸருக்கும் ஃபேனுக்கும் நடுவுல தடவியிருப்பாங்க, காய்ஞ்சு போயிருக்கும். அதுலயே சரியானாலும் ஆயிடும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. மெஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூடா இருக்கும்போது ஃபேனைத் திருகிக் கழட்டணும். நேரா இழுத்துடாதீங்க.”

பேஸ்ட் ட்யூப் ஒன்றையும் வாங்கிக்கொண்டு வந்து, பெட்டியைப் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். மாற்றலாமா, வேண்டாமா? ஏழு வருஷம் ஓடியதைக் கிளறி வம்பை விலைக்கு வாங்குவானேன் என்று காலையில் தோன்றும். வேறு ஆள் ஒரு தடவை வந்து உட்கார்ந்துவிட்டால் தன் இடம் போனதுதான் என்று மாலையில் தோன்றும். வெள்ளிக்கிழமை ஒரு பெரியவருடைய இடது கண் பவரை வலது கண்ணுக்கு எழுதிவிட்டாள். பதினெட்டு வருஷத்தில் இதுவே முதல் முறை. லென்ஸ் வெட்டப் போகுமுன் கண்ணில் பட்டதால் தப்பித்தாள்.

சனிக்கிழமை காலை, மாதிரிக் கட்டடத்தைக் காட்ட மகள் கல்லூரிக்குப் போனாள். மதியம்தான் வருவாள். பெட்டியைத் திருப்ப வேண்டிய நாள் அது. பேஸ்ட் மாற்றினால் ஒருவேளை ப்ராசஸரே வேண்டியிருக்காது. பேஸ்ட் மாற்றுவது ப்ராசஸரைத் தொடுவதாகாது. இப்படித் தனக்குத்தானே வக்கீலாக வாதாடி ஜெயித்து, பத்து மணிக்கு மெஷினைத் திறந்துவிட்டாள்.

பதற்றத்தில் சூடாக்க மறந்துபோனாள். நான்கு ஸ்க்ரூவையும் கழற்றி ஃபேனைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். டக்கென்று ஒரு சத்தம், பல்லைப் பிடுங்கியதுபோல. ஃபேன் கையோடு வந்தது. அதன் அடியில் ஒட்டிக்கொண்டு ப்ராசஸரும் வந்திருந்தது. அதன் அடியில் ஒரு மூலையில், முடியளவே தடித்த உலோகக் கால்கள் ஆறு சாய்ந்து கிடந்தன.

பழையது இல்லாமல் பயாஸைப் புதுசாக்க முடியாது. புதுசாக்காமல் புதியது ஓடாது. இரண்டு ப்ராசஸர் கையில் இருந்தும் மெஷின் இல்லை.

கடைக்காரருக்குப் போன் போட்டாள். “இன்னைக்கு முழுக்க வெளி வேலை மேடம். சாயங்காலம் கடை திறந்தாலும் நாலு மெஷின் வரிசையில நிக்குது. திங்கட்கிழமை கொண்டு வாங்க. நீங்களா நிமித்தாதீங்க, உடைஞ்சா ஒட்ட முடியாது.”

போனை வைக்கவும் மகள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரவும் சரியாக இருந்தது. சீக்கிரம் விட்டுவிட்டார்களாம். தரையில் பரப்பியிருந்ததைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

மெஷின் தானாக நின்றுவிட்டது, அதனால்தான் திறந்தேன் என்ற பொய் அம்மாவின் நாக்கு நுனிவரை வந்தது.

“நான்தான் கழட்டினேன்” என்றாள். “பேஸ்ட் மட்டும் மாத்தலாம்னு பார்த்தேன். கால் வளைஞ்சுடுச்சு. புது ப்ராசஸரும் வாங்கி வெச்சிருக்கேன், ஆனா இது இல்லாம அது ஓடாது.”

மகள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். “நான் ஒண்ணே ஒண்ணுதானேம்மா கேட்டேன்.”

கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

“நான் நிமித்திப் பார்க்கட்டுமா?”

“நிமிருமா?”

“தெரியல. தினமும் கண்ணாடி ஃப்ரேம் நிமித்தற கைதான். ஆனா இது ரொம்பப் பொடிசு.”

“உடைஞ்சா?”

மகள் எழுந்து வந்து போன் விளக்கைப் போட்டுப் பிடித்தாள்.

அம்மா தன் வேலைப் பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியையும் மெல்லிய தகடு ஒன்றையும் எடுத்தாள். முதல் கால் தொட்டதும் நிமிர்ந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. நான்காவதற்கு முன் தகட்டைக் கீழே வைத்தாள். எழுந்துபோய்க் கையைக் கழுவி, துடைத்துக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். ஆறாவது கால் அடியோடு படுத்திருந்தது. அதை ஒரே மூச்சில் தூக்கவில்லை. கொஞ்சம் தூக்கி, விட்டு, வரிசையோடு ஒப்பிட்டு, மறுபடி கொஞ்சம். மகளின் மூச்சு அவள் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது.

போர்டின் சாக்கெட்டில் வைத்ததும் ப்ராசஸர் அழுத்தாமலேயே இறங்கி உட்கார்ந்தது. புதுப் பேஸ்ட் தடவி, ஃபேனை மாட்டி, பட்டனை அமுக்கினாள். ஃபேன் சுழன்றது. திரை கறுப்பாகவே இருந்தது. மகள் அவள் தோளைப் பிடித்தாள். நகம் அழுந்தியது. பிறகு, அவள் நம்பிக்கையை விடும் நேரத்தில், திரை வெளுத்தது.

மகள் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்து, எல்லாவற்றையும் பென் டிரைவில் நகல் எடுத்துக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“அந்தப் புதுசு எங்க?”

“அலமாரியில. சாயங்காலம் திருப்பிடறேன்.”

“திருப்பாதே. அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பே, என்னால பார்க்க முடியாது. செவ்வாய்க்கிழமை மாத்தலாம். நானும் கூட இருக்கேன்.”

கடைக்காரரிடம் வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, கேப்டனுக்குச் செய்தி அனுப்பினாள்: “நாளைக்கு வரல. வேற ஆளை இறக்கிக்கோ. மகளோட காலேஜ் வேலை இந்த மெஷின்லதான் இருக்கு.”

“அக்கா, உங்களுக்குக் காலேஜ் போற மகளா?”

“ஆமா. எனக்கு அம்பத்தொண்ணு.”

பதில் வெகுநேரம் கழித்து வந்தது: “சரிங்க ஆன்ட்டி.” அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

ஞாயிறு மகள் வரைந்துகொண்டிருந்தாள். அணி அவள் இல்லாமலே ஜெயித்தது. வாழ்த்து அனுப்பிவிட்டு, அவள் அந்தச் சின்னப் பெட்டியை எடுத்துப் பார்த்து, மறுபடி புடவைகளுக்கு அடியிலேயே வைத்தாள்.

செவ்வாய் காலை இருவரும் சேர்ந்து பயாஸைப் புதுப்பித்தார்கள். அறுபது சதவீதத்தில் கோடு நகரவே இல்லை. கரண்ட் இருக்கிறதா என்று அம்மா மேலே மின்விசிறியைப் பார்ப்பதும் கோட்டைப் பார்ப்பதுமாக இருந்தாள். “அதையே பார்த்தா சீக்கிரம் போகுமா?” என்ற மகளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு கடைசியைத் தொட்டது. மெஷின் சூடாக இருக்கும்போதே திருகிக் கழற்றி, புதியதை மாட்டினார்கள். ஓடியது.

அடுத்த ஞாயிறு கேப்டன் அவளை மறுபடி இறக்கினான். கூட்டம் வந்தபோது திரை ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஆனாலும் இரண்டாவது சுற்றில் தோற்றார்கள். ஐந்து பேருமே சுமாராகத்தான் ஆடினார்கள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. மகளின் வரைபடத்தில் ஒரு மாடிப்படியை மட்டும் திருத்தித் தரச் சொல்லிக் கல்லூரியில் திருப்பியிருந்தார்கள். மகளுக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்துவிட்டு, மறுநாள் கடைக்கு உடுத்த வேண்டிய புடவைக்கு இஸ்திரி போடப் போனாள்.