பாத்துக்கலாம்பா

எதிர்க்காற்றை விடப் பெரிய எதிரி சைக்கிள்காரனுக்குக் கிடையாது. மேடு என்றால் ஒரு இடத்தில் முடியும், அந்தப் பக்கம் இறக்கம் இருக்கும். காற்றுக்கு அந்த நாணயமும் இல்லை. அதுவும் இலையுதிர் காலத்துக் காற்று, காலையிலிருந்து முகத்தில் அறைந்துகொண்டே இருந்தது. சாலையெல்லாம் நனைந்த இலை. ஒரு வளைவில் பின்சக்கரம் வழுக்கி, காலை ஊன்றித் தப்பித்தார் சக்கரம்.

சக்கரம் என்பது உடன் வேலை செய்தவர்கள் வைத்த பெயர். ஆள் லிஃப்ட் மெக்கானிக். காலில் சக்கரம் கட்டிக்கொண்டவர் என்று கிண்டலுக்கு வைத்ததை விருது மாதிரி வாங்கிக்கொண்டார். லீவு விழுந்தால் போதும், கேரியரில் இரண்டு பைகளைக் கட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவார். மகளுக்குக் காய்ச்சலா, பள்ளியில் நாடகமா, எதுவும் அவரை நிறுத்தியதில்லை. "உங்களை அந்த சைக்கிளுக்கே கட்டி வச்சிருக்கணும்" என்று மனைவி முதலில் சிரித்துக்கொண்டு சொன்னாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். அப்புறம் மகளைக் கூட்டிக்கொண்டு போயே விட்டாள்.

இந்தத் தடவைதான் மனிதர் மகளை நோக்கி மிதித்துக்கொண்டிருந்தார். கடலோர நகரத்தில், மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. 'சைக்கிள்லயே உன்னைப் பார்க்க வரட்டுமா?' என்று போனில் எழுதி அனுப்பினார். 'பாத்துக்கலாம்பா' என்று பதில் வந்தது. பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள்! ஒருவரையொருவர் நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள்! அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாளே கிளம்பிவிட்டார்.

மதியம் காபி குடிக்க நிறுத்தினார். கடையில் வேறு ஆள் இல்லை.

"இந்தக் குளிர்ல சைக்கிளா? யார் மேல கோபம்?" என்றாள் கடைக்கார அம்மா.

கேட்க ஒரு ஆள் கிடைத்ததும் சக்கரம் எல்லாவற்றையும் கொட்டினார். போனையும் நீட்டினார். அந்த அம்மா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"கிளம்பின பிறகு பேசினீங்களா?"

"எதுக்கு? திடீர்னு போய் நின்னா சந்தோஷப்படுவா."

"ஒரு போன் போட்டுட்டுப் போங்களேன். என் பையனும் இப்படித்தான் எழுதுவான். வேண்டாம்னு சொல்ல மனசு வரலைன்னா, 'பாத்துக்கலாம்மா'ன்னு."

"உங்க பையன் எழுதினா அப்படி. என் பொண்ணு எழுதினா அப்படியா?"

சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்தார். ஆனால் அந்த அம்மா சொன்னது காதில் புகுந்த எறும்பு மாதிரி வழியெல்லாம் குடைந்தது. மேடு ஏறும்போது அந்த வார்த்தையை ஆசையாகச் சொல்லிப் பார்த்தார், ஆசையாக இருந்தது. சலிப்பாகச் சொல்லிப் பார்த்தார், சலிப்பாகவே இருந்தது. பாழாய்ப்போன எழுத்தில் குரல் கேட்குமா? ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிடுமே என்றுதான் போடவில்லை.

சாயங்காலம் கடைக்குள் நுழைந்தபோது மகள் ஒரு ஃபிரேமின் கம்பியைச் சூடு காட்டி வளைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். ஹெல்மெட்டும் சேறு தெறித்த பேன்ட்டுமாக நின்றவரை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"வாங்க" என்றாள்.

சின்ன வயதில் வாப்பா, போப்பா என்றுதான் கூப்பிடுவாள். அம்மா அதட்டினாலும் கேட்கமாட்டாள். இந்த மரியாதை எப்போது வந்தது? கண்ணாடி வாங்க வருகிறவர்களுக்குச் சொல்கிற 'வாங்க' அது.

"நிஜமாவே வந்துட்டீங்களா? நான் ஏதோ பேச்சுக்குச் சொன்னேன்." அவள் பார்வை வெளியே சைக்கிளுக்கும் அதில் கட்டியிருந்த பைகளுக்கும் போனது. "எங்க தங்கப் போறீங்க? என் ரூம்ல இன்னொரு பொண்ணு வேற இருக்கா..."

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களைக் காலமெல்லாம் வெளியே எடுத்தவர் சக்கரம். கதவு எப்போது திறக்கும் என்று தவிக்கிற முகம் அவருக்குப் பழக்கம். மகளின் முகம் இப்போது அப்படித்தான் இருந்தது.

"தங்கறதா? யார் சொன்னா?" என்றார். "நான் தெற்கே போறேம்மா, இன்னும் ரொம்ப தூரம். போற வழியில எட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான்."

"அப்படியா! நல்லவேளை, பயந்தே போயிட்டேன்." சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது போல உதட்டைக் கடித்தாள். "தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேண்டாம்மா. வெளிச்சம் இருக்கறப்பவே கிளம்பறேன்."

வாசல் வரை வந்தாள். அவர் வீடு இருப்பது வடக்கே. அவள் பார்த்துக்கொண்டு நின்றதால் தெற்கே திருப்பினார், சொன்ன பொய்க்கு மிதித்தாக வேண்டுமே. தெருமுனையில் திரும்பிப் பார்த்தார். அவர் கிளம்பும்போதெல்லாம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுத பெண், சிரித்த முகத்தோடு கையாட்டிக்கொண்டிருந்தாள்.