அகலம் போதாத சம்பந்திகள்

நான் பேசிவைத்த கலியாணம் எதுவும் இதுவரை முறிந்ததில்லை. ஒருமுறை மாப்பிள்ளை மனம் மாறி நாப்போலிக்குக் கப்பலேறிவிட்டான் என்று கேள்விப்பட்டு, இத்தாலியில் நாங்கள் இருக்கும் பலெர்மோவின் துறைமுகத்தில் நின்று கையைக் காட்டியே கப்பலைத் திருப்பினேன். கப்டன் இன்றைக்கும் நத்தாருக்கு வாழ்த்து அனுப்புகிறான். அப்படிப்பட்ட என்னை 2016ஆம் ஆண்டு ஒரு கைபேசித் திரை ஆட்டிவைத்தது.

பெண் தர்மிளா. போர்கோ வெக்கியோச் சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் கதிரேசுவின் மகள். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்திலிருந்து விடுதிகளுக்கும் கடைகளுக்கும் இணையப் பக்கம் செய்து கொடுப்பவள். மாப்பிள்ளை ரஜீவன். அவன் தகப்பன் சோதிலிங்கம் சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் பழம் பிடுங்கும் வேலை. பேசி முடித்தது நான்தான். எனக்கு முன்னமே அவர்கள் இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்கள் என்பதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

அழைப்பிதழை அச்சடிக்க வேண்டாம், இணையத்திலேயே செய்கிறேன், கனடாவுக்கும் லண்டனுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும் என்றாள் தர்மிளா. நமது கார்ட்டில் இரு வீட்டாரும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே உயரத்தில் நிற்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அவளும் அப்படியே செய்தாள். கணினியில் காட்டியபோது சோதிலிங்கம் திரையில் ஒரு தடியை வைத்து, தன் பெயரும் கதிரேசுவின் பெயரும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்துத் தலையாட்டினார்.

அடுத்த நாள் தோட்டத்தில் ஏணியில் நின்றபடி அதே பக்கத்தைக் கைபேசியில் திறந்திருக்கிறார். கைபேசியில் அகலம் போதாது. அதனால் வலப்பக்கம் நின்றது தானாக இடப்பக்கம் நின்றதற்குக் கீழே இறங்கிவிடும். தர்மிளா செய்கிற எல்லாப் பக்கமும் அப்படித்தான். விடுதியின் படம் மேலே, அறை விலை கீழே. படத்துக்குக் கீழே போய்விட்டேன் என்று எந்த விலையும் சண்டைக்கு வந்ததில்லை. அந்தப் பழக்கத்தில்தான் பிள்ளை பிழைவிட்டது.

சோதிலிங்கம் ஏணியிலிருந்தே எனக்குப் போன் அடித்தார். "கிறிகோரி அண்ணை, கதிரேசு மேலை இருக்கிறார். நான் அவரின்ரை காலடியிலை கிடக்கிறன். ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை இது சரிவராட்டில் கலியாண மண்டபத்தை வேறை ஆருக்கும் குடுக்கச் சொல்லப் போறன்."

தர்மிளாவிடம் ஓடினேன். நிரலில் ஒரு வரியை மாற்றினாள். கைபேசியில் மட்டும் சோதிலிங்கம் மேலே ஏறினார். மத்தியானத்துக்குள் கதிரேசு அதைப் பார்த்துவிட்டார். அன்றைக்குத் தக்காளி விலை கேட்ட இத்தாலியச் சிக்னோரா அம்மாமார் எல்லாம் பதில் கிடைக்காமல் திரும்பிப் போனார்கள். பெண்ணைப் பெற்றவனைக் கீழே போட்டுவிட்டு நடக்கிற கலியாணத்துக்குத் தான் வரமாட்டேன் என்றார். திரை அகலம்தான் அப்பா காரணம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அப்படியென்றால் அகலமான போனாக வாங்கட்டும் என்றார்.

பிறகு இரண்டு பேரையும் கைபேசியிலும் பக்கத்தில் பக்கத்தில் வலுக்கட்டாயமாக நிறுத்தினாள். ஒவ்வொரு பத்தியும் சுண்டுவிரல் அகலம். சோதி ஒரு வரியிலும் லிங்கம் அடுத்த வரியிலுமாக விழ, என்னை உயிரோடு இரண்டாக வெட்டிவிட்டார்கள் என்று அவர் சொல்லியனுப்பினார். வெட்டாமல் இருக்க எழுத்தைச் சின்னதாக்கினாள். மேசையில் போன ஓர் எறும்பு ஏறிப் பார்த்தது. அதுவும் கண்ணைச் சுருக்கித்தான் வாசித்தது. நம்பாதவர்கள் கதிரேசுவைக் கேட்கலாம், அவர் பக்கத்தில்தான் நின்றார்.

சனிக்கிழமை பின்னேரம் தர்மிளா கடைக்குப் பின்னால் மடிக்கணினியும் தானுமாக இருந்தாள். முகம் வீங்கியிருந்தது. ஆறுதலாக ஏதாவது பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"மாமா, கலியாணம் ஆருக்கு?" என்றாள்.

இரண்டு குடும்பத்துக்கும்தான் என்றேன்.

கைபேசியை எடுத்துப் பெருவிரலால் தள்ளிக்கொண்டே போனாள். கதிரேசு போனார், சோதிலிங்கம் போனார், ஊர்கள் போயின, காலமான பாட்டன்மார் போனார்கள், பூப்போட்ட கோடு ஒன்று போனது. எல்லாவற்றுக்கும் அடியில், நடுவில், தர்மிளா, ரஜீவன்.

"இவ்வளவு கீழை ஒருத்தரும் இன்னும் வரேல்லை," என்றாள்.

நானும் போயிருக்கவில்லை. அதனால் வெங்காயப் பையைப் பார்த்தேன்.

அவள் பிறகு அழவில்லை. திரை ஒடுக்கமாக இருந்தால் தகப்பன்மார் இருவரும் தெரியவே கூடாது என்று நிரலில் எழுதினாள். தன் பெயரையும் ரஜீவனின் பெயரையும் திரை நிறையப் பெரிதாக்கி, கீழே நாளும் மண்டபமும் மட்டும் வைத்தாள். போனைக் குறுக்கே சரித்துப் பிடித்தால் அகலம் வந்துவிடும், அப்போது அப்பாமார் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்பார்கள். இதை அவர்களிடம் சொல்வாயா என்று கேட்டேன். கேட்டால் சொல்லுவாளாம்.

ஞாயிற்றுக்கிழமை சோதிலிங்கம் கடைக்கு வந்தார். வணக்கம் இல்லை. போனை நெஞ்சுக்கு நேரே நிமிர்த்திப் பிடித்தபடி, "என்ரை பேரைக் காணேல்லை," என்றார்.

கதிரேசு தன் போனை எடுத்தார். அவரும் நிமிர்த்தித்தான் பிடித்தார். "என்ரையும் இல்லை."

சோதிலிங்கம் நம்பவில்லை. கதிரேசுவின் போனை வாங்கி அடிமட்டும் தள்ளிப் பார்த்தார். கதிரேசு அவருடைய போனை வாங்கித் தள்ளிப் பார்த்தார். ஒருவருமில்லை. தராசுப் படிக்கல்லை, யார் கைக்கும் எட்டாதபடி, நான் மெல்லக் காலால் தூரத் தள்ளினேன்.

"நீங்களும் இல்லையோ?" என்றார் சோதிலிங்கம்.

"ஓம். நானும் இல்லை."

"அப்ப சரி."

மண்டபம் தப்பியது. கதிரேசு இரண்டு மண்டரின் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட, சம்பந்திகள் உட்கார்ந்து, பிள்ளைகளின் பெயரைப் பெரிதாகப் போட்டிருப்பது நல்லாயிருக்கிறது என்று கதைத்துக்கொண்டு ஊரெல்லாம் அனுப்பத் தொடங்கினார்கள். பெட்டிகள் இரண்டும் ஒரே உயரம்தான். அவர்கள் உட்காருவதற்கு முன்னரே நான் பார்த்துக்கொண்டேன்.