மறுபடியும் ஒழுகும் சக்கரம்

...இல்லை, சீல் மேல் தப்பே இல்லை, எண்ணெயைப் பிடித்து நிறுத்துகிற ரப்பர் வளையம், புதுசு, உதட்டில் கிரீஸ் தடவி, கோணாமல், மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி நானே உட்கார வைத்தது, அது எப்படி ஒழுகும்... ஒழுகியிருக்கிறதே. சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் எண்ணெய், அதன்மேல் மண், மண்ணின்மேல் ஒரு வாடின இலை வேறு, பார்க்கவே மானம் போகிறது. இதே டிராக்டர், இதே இடதுபக்க வீல் மோட்டார். போன தடவை வலது, அதற்கு முந்தின தடவை இடது. குட்டி டிராக்டர்தான், நாற்று வரிசைக்குள் நுழைந்து திரும்புகிற அளவு. பம்ப் எண்ணெயைத் தள்ளும், பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் ஒரு மோட்டார் அந்த எண்ணெயை வாங்கிச் சுழலும், அவ்வளவுதான், இதில் என்ன பெரிய சூட்சுமம் என்று எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். இப்போது என்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது, என்ன சூட்சுமம் என்று. கேட்டால் பதில் சொல்லவும் இந்தப் பட்டறையில் ஆள் கிடையாது.

காலையில் டிரைவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். "சின்னவரு சொல்லச் சொன்னாருண்ணே, இதான் கடைசித் தடவையாம். இன்னொரு வாட்டி ஒழுகுச்சுன்னா வித்துடப் போறாராம்." சின்னவர் என்றால் நாற்றுப்பண்ணைக்காரரின் மகன். பெரியவர் வரலையா என்று கேட்டேன். "அவரு எதுக்குண்ணே? அவரு தோட்டத்துக்குள்ள இருந்தாரு, சொல்லக்கூட இல்ல, ஏத்திட்டு வந்துட்டோம்." அவர் எதுக்காம். எப்போதும் அவர்தான் ஓட்டிக்கொண்டு வருவார், வழியெல்லாம் எண்ணெய் சொட்டச் சொட்ட, வாசலிலேயே சிரித்துக்கொண்டு, "மெக்கானிக்கே, மறுபடியும் உங்க மாப்பிள்ளை அழுவுறாரு" என்பார். அந்தக் காலி டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தால் வேலை முடிகிறவரை எழுந்திருக்க மாட்டார். ஒட்டுக் கட்டுகிற விதம், செத்துப்போன மனைவி விட்ட குறட்டை, அந்தக் குறட்டை இல்லாமல் தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்று ஒரு புலம்பல்... நான் மோட்டாரைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டுவேன், நடுவில் நானும் ஏதாவது சொல்லுவேன். என்ன சொன்னேன் என்று யோசித்தால், எல்லாமே சொல்லியிருக்கிறேன் போல. மகளுக்குப் பேறுகாலம் என்று போன என் வீட்டுக்காரி இன்னும் திரும்பவில்லை, அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது, வீடியோவில் கூப்பிடுகிறாள், போனைச் சாய்த்து வைத்துவிட்டு வேலை பார்ப்பாள், எனக்கு அவர்கள் வீட்டு மின்விசிறிதான் தெரியும்... இதைக்கூட அவரிடம்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அந்த ஃபேன் ஓடுதா, நிக்குதா?" என்று கேட்டார். நான்தான் சிரித்தேன். ஒழுகட்டும், மறுபடியும் ஒழுகட்டும் என்று ஒவ்வொரு தடவையும் அவரை அனுப்பிவிட்டு மனசுக்குள் நினைத்ததுண்டு. சொல்ல வெட்கம்தான். ஆனாலும் வேலையில் நான் வஞ்சகம் செய்ததில்லை.

சரி, வேலையைப் பார். ஜாக்கி போட்டாயிற்று, சக்கரம் கழன்றாயிற்று, மோட்டார் போல்ட்டுகளும் வந்துவிட்டன. சீல் கிழியவில்லை, தேயவில்லை, முழுசாக இடம் பெயர்ந்து வெளியே வந்திருக்கிறது. பின்னாலிருந்து யாரோ உதைத்துத் தள்ளின மாதிரி. யார் உதைப்பார்கள்? எண்ணெய்தான். இரண்டு மோட்டாருக்குள்ளும் கசிகிற கொஞ்சம் எண்ணெய் திரும்ப டேங்குக்குப் போக ஒரே ஒல்லிக் குழாய்தான் இருக்கிறது, அது அடைத்தால் எண்ணெய்க்குப் போக்கிடம் இல்லை, எந்தப் பக்கம் இளைத்ததோ அந்தச் சீலைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். இது எனக்குத் தெரியாதா? போன தடவை கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அந்தக் குழாயைப் பார்த்தேன், வாய் வைத்து ஊதினேன், பளிச்சென்று சுத்தம். அதற்கு முந்தின தடவையும் சுத்தம். இன்றைக்கு எதற்கு மறுபடி... இருந்தாலும் பார்ப்போம், விற்றுவிடுவேன் என்கிறான் அந்தப் பையன், டிராக்டர் போனால் அவர் எதில் ஏறி இங்கே வருவார். கழன்ற முனையில் ஊதினேன். போகவில்லை. மறுபடி ஊதினேன், காது அடைத்தது, காற்று போகவில்லை. குழாயைத் தடவிக்கொண்டே போனேன், சட்டத்தின் ஓரமாக, மேலே, சீட்டுக்கு அடியில்... சீட்டைத் தூக்கினேன்.

குழாய் மடிந்திருந்தது. தானாக மடியவில்லை. தண்ணீரை நிறுத்தத் தோட்டக்காரர்கள் குழாயை மடித்துப் பிடிப்பார்களே, அப்படி மடித்து, மடிப்பின்மேல் பச்சைக் கம்பி சுற்றி இறுக்கியிருந்தது. நாற்றைக் குச்சியோடு சேர்த்துக் கட்டுகிற பிளாஸ்டிக் பூசின கம்பி. புதுக் கம்பி, அழுக்குக்கூடப் படியவில்லை. ஆனால் குழாயில் அதற்குப் பக்கத்திலேயே பழைய தழும்புகள், கட்டி அவிழ்த்த இடம், மறுபடி கட்டி அவிழ்த்த இடம்... எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. என் பெயர் என்ன ஆவது? மோட்டாரே உடைந்திருந்தால்? ஒரு சின்னத் தளிர் முறிந்தால் உச்சுக் கொட்டுகிற மனிதருக்கு இது எப்படி மனசு வந்தது? அது சரி, இந்த வித்தை இவருக்கு யார் சொன்னது... யார் சொன்னது, நான்தான். முதல் தடவை, அது நிஜமாகவே தேய்ந்துபோன சீல், அப்போது பெருமையாக விளக்கினேன், "இந்தக் குழாய் மட்டும் அடைச்சுக்கிச்சுன்னா சீல் தெறிச்சுடும்ணே, இது யாருக்கும் தெரியாது." டிரம்மில் உட்கார்ந்து கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஊரில் இருக்கிற சமர்த்தெல்லாம் எனக்குத்தான் என்று நினைத்தேனே. இங்கே வந்து உட்காரவே கட்டி, ஒவ்வொரு தடவையும் கிளம்புமுன் அவிழ்த்திருக்கிறார். இந்தத் தடவை சொல்லாமல் ஏற்றி அனுப்பிவிட்டார்கள், அவிழ்க்க நேரம் கிடைக்கவில்லை. இந்நேரம் தோட்டத்துக்குள் எப்படித் தவித்துக்கொண்டிருப்பாரோ. கோபம் எப்போது போனதென்று தெரியவில்லை, கண் கலங்கிவிட்டது, எண்ணெய்க் கையால் துடைக்கவும் முடியவில்லை.

கம்பியை வெட்டினேன். குழாயைப் புதிதாகவே மாற்றினேன், தழும்பு கூட யார் கண்ணிலும் படக்கூடாது. புதுச் சீல், புது ஓ ரிங், எண்ணெய் நிரப்பி, பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தியபடியே ஓடவிட்டேன். இரண்டு சக்கரமும் சுற்றுகின்றன, அடியில் விரித்த பழைய அட்டையில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. மகனுக்குப் போன் போட்டேன்.

"என்ன அங்கிள் கோளாறு?"

"சீல்தான் தம்பி. முன்ன நான் போட்டது சரியில்ல." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், இதுவரை என் வேலையை நானே குறை சொன்னதில்லை.

"அப்பவே சொன்னேன், அப்பாதான் வேற யார்கிட்டயும் விடமாட்டேன்னு அடம். இனிமே ஒழுகாதுல்ல? சாயங்காலம் டிரைவர் வந்து எடுத்துக்குவான்."

"அப்பாவ வரச் சொல்லுங்களேன். அவரு ஓட்டிப் பாத்தா நல்லா இருக்கும்."

"அவருக்கு எதுக்கு வீண் அலைச்சல்?"

"அப்ப போனையாவது கொஞ்சம் குடுங்க."

போன் கைமாறியது. பெரியவர்தான். "எல்லா இடத்தையும் பாத்துட்டீங்களா?" என்றார். குரல் உள்ளே போயிருந்தது.

"பாத்துட்டேண்ணே. பையன்கிட்ட சீல்னு சொல்லியிருக்கேன்."

வாங்கண்ணே, சும்மா வாங்க, டிராக்டர் எதுக்கு, நடந்து வாங்க, உட்காருங்க... நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அதை எப்படிச் சொல்வது? ஆயுசு முழுக்க நான் மனிதர்களைக் கூப்பிட்டதெல்லாம் வண்டி ரெடி, வந்து எடுத்துக்குங்க என்றுதான். வீட்டுக்காரியைக்கூட, சாவியைக் காணோம், கேஸ் தீர்ந்துவிட்டது என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். எதுவுமே கெட்டுப்போகாமல் ஒருவரை வா என்று கூப்பிட எனக்குத் தெரியவில்லை, இந்த வயதில், இப்போதுதான் அது தெரிகிறது.

"இனிமே ஒழுகாதுண்ணே" என்றேன். ஐயோ, அதையா சொன்னேன்?

"அப்படியா" என்றார். "நல்லது."

பேச்சு அதோடு முடிந்துவிட்டது. ஆனால் அவர் போனை வைக்கவில்லை. மூச்சு கேட்கிறது. நானும் வைக்கவில்லை.